நந்த் சிங்கின் இரண்டாவது பதக்கம்

1947 டிசம்பர் 12 அன்று காஷ்மீரில், உரிக்குப் பக்கத்து மலையொன்றில் ஜமேதார் நந்த் சிங் சுடப்பட்டு விழுந்தார். அந்தச் சண்டைக்காக அவருக்கு வழங்கப்பட்ட மகாவீர் சக்கரம் அன்றைக்கு உலகத்திலேயே கிடையாது. இந்திய அரசு அந்த விருதை முறைப்படி ஏற்படுத்தியது 1950 ஜனவரி 26-ல். 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்று முன்தேதி போட்டு. இன்னும் பெயரே வைக்கப்படாத ஒரு பதக்கத்துக்கான உயிரை அவர் இரண்டு வருடம் முன்னதாகவே கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு அவர் சட்டையில் இருந்தது வேறொரு ரிப்பன். கருஞ்சிவப்பு நிறம், நடுவில் குட்டியாக ஒரு வெண்கலச் சிலுவை. பார்த்த மாத்திரத்தில் எந்தச் சிப்பாய்க்கும் தெரியும், அது விக்டோரியா கிராஸ். மூன்றரை வருடம் முன்பு பர்மா மலையில் ஜப்பானியர்களோடு சண்டை போட்டதற்காகப் பிரிட்டிஷ் அரசர் கொடுத்தது.

விக்டோரியா கிராஸும் மகாவீர் சக்கரமும் ஒரே ஆளுக்குக் கிடைத்தது நந்த் சிங் ஒருவருக்குத்தான். இரண்டு போர், இரண்டு எதிரி, இரண்டு அரசாங்கம். மாறாமல் இருந்தது இரண்டே விஷயம்: அவருடைய பட்டாலியன்; துப்பாக்கி முனையில் மாட்டிய கத்தி.

பர்மா, 1944

நந்த் சிங் பிறந்தது 1914-ல், பகதூர்பூர் கிராமத்தில். இன்று பஞ்சாபின் மான்சா மாவட்டம். அன்று பாட்டியாலா சமஸ்தானம். அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் பட்டாளத்துக்குப் போவது வழக்கமான ஒன்று. நந்த் சிங் சேர்ந்தது 11-வது சீக்கிய ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். 1846-ல் பெரோஸ்பூர் சீக்கியர் படையாகத் திரட்டப்பட்டது.

1944 பிப்ரவரியில் பர்மாவின் அரக்கான் பகுதியில் ஜப்பான் ஒரு பெரிய தாக்குதலை நடத்தியது. மலைகளுக்கு ஊடே புகுந்து பிரிட்டிஷ்-இந்தியப் படைகளின் பின்னால் வந்து வளைத்துக்கொண்டது. அதற்கு முந்தைய வருடங்களில் இப்படி வளைக்கப்பட்டால் பின்வாங்குவதுதான் நடக்கும். இந்த முறை 7-வது இந்திய டிவிஷன் நகரவில்லை. சோறும் குண்டும் விமானத்திலிருந்து விழுந்தன. சின்ஸ்வேயா என்ற இடத்தில் கணக்கப்பிள்ளைகள், சமையற்காரர்கள், கோவேறுகழுதை ஓட்டிகள் எல்லோரும் துப்பாக்கி பிடித்து மூன்று வாரம் தாக்குப்பிடித்தார்கள். அந்த டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் ஃபிராங்க் மெஸ்ஸர்வி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறோர் இடத்தில் திரும்ப வருவார்.

முற்றுகை உடைந்ததும் டிவிஷன் புத்திடாங் ஊரைப் பிடிக்கக் கிளம்பியது. மார்ச் 11 இரவு, மாங்டா-புத்திடாங் சாலையை மேலிருந்து பார்க்கும் ஒரு குன்றில் சுமார் நாற்பது ஜப்பானியர்கள் இயந்திரத் துப்பாக்கிகளோடு ஊடுருவி, செங்குத்துச் சரிவில் பதுங்குகுழி தோண்டி உட்கார்ந்துவிட்டார்கள். சாலை அவர்கள் கையில் இருந்தால் முன்னேறிய படைக்குப் பின்னாலிருந்து எதுவும் வந்து சேராது. குன்றைத் திரும்பப் பிடிக்க ஒரு பிளாட்டூன் அனுப்பப்பட்டது. அதன் முன்னணி செக்‌ஷனுக்குத் தலைமை நாயக் நந்த் சிங். அப்போது வயது 29.

மேலே போக ஒரே வழி, கத்தி விளிம்பு மாதிரி ஒடுங்கிய ஒரு முகடு. பக்கத்தில் ஒதுங்க இடம் இல்லை. கடுமையான இயந்திரத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஏறியபோது தொடையில் குண்டு பாய்ந்தது. தன் ஆட்களை முந்திக்கொண்டு ஓடி முதல் பதுங்குகுழியைக் கத்தியாலேயே பிடித்தார். பிறகு தனியாகத் தவழ்ந்தார். ஒரு கஜ தூரத்தில் கையெறிகுண்டு வெடித்து முகத்திலும் தோளிலும் காயம். இரண்டாவது குழியையும் பிடித்தார். அதற்குள் அவர் செக்‌ஷனில் அத்தனை பேரும் செத்தோ காயம்பட்டோ விழுந்திருந்தார்கள். தன் உடம்பை இழுத்துக்கொண்டு வெளியே வந்து மூன்றாவது குழிக்குள் இறங்கி, அதில் இருந்தவர்களையும் முடித்தார். அவர் கையால் மட்டும் ஏழு பேர். அந்த மூன்று குழிகளும் விழுந்ததால்தான் பிளாட்டூனின் மிச்சப் பேர் உச்சிக்குப் போக முடிந்தது.

இது லண்டன் அரசிதழில் 1944 ஜூனில் வெளியான விவரம். வீர விருதுக்கான இந்தக் குறிப்புகளைப் படிக்கும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஒருவன் என்ன செய்தான் என்பதைப் பார்த்தவன் உயிரோடு இருக்க வேண்டும். அவன் சொல்வதை ஓர் அதிகாரி எழுதி மேலே அனுப்ப வேண்டும். பட்டாலியன், பிரிகேட், டிவிஷன் என்று ஒவ்வொரு படியிலும் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். நந்த் சிங்கைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், எழுதினார்கள். அதே முகட்டில் விழுந்த அவருடைய ஆட்கள் என்னென்ன செய்தார்கள் என்பது எந்தத் தாளிலும் ஏறவில்லை. எந்தப் பதக்கத்தைப் பற்றி எழுதினாலும் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

வெள்ளைக்காரர் சிலுவை

விக்டோரியா கிராஸ் 1856-ல் ஏற்படுத்தப்பட்டது. கிரிமியப் போரில் ரஷ்யர்களிடம் கைப்பற்றிய பீரங்கியை உருக்கிச் செய்தது என்பார்கள். பின்னாளில் ஆராய்ந்தவர்கள், அந்தப் பீரங்கிகளில் சில சீனாவில் வார்க்கப்பட்டவை என்று கண்டுபிடித்தார்கள். எப்படியானாலும் வெண்கலம்தான். நாம் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் மதிப்புக் கொடுத்துப் பழகியவர்கள். பட்டாளத்தில் பெரிய விருதுக்குத்தான் மலிவான உலோகம். நம் பரம்வீர் சக்கரமும் வெண்கலம்தான். அதற்கு அடுத்த படியான மகாவீர் சக்கரம் வெள்ளி.

அந்தச் சிலுவையை இந்தியச் சிப்பாய்க்குக் கொடுக்கலாம் என்று பிரிட்டிஷ் அரசுக்குத் தோன்ற 1911 ஆனது. அதுவரை 55 வருடம் அவர்களுக்காக ஆப்கானிஸ்தானிலும் சீனாவிலும் செத்தவர்களுக்குத் தனி விருது வைத்திருந்தார்கள். முதல் இந்திய விக்டோரியா கிராஸ் 1914 அக்டோபர் 31-ல் பெல்ஜியத்தின் ஹோலபெக்கில் சண்டை போட்ட சிப்பாய் குதாதத் கானுக்கு.

இரண்டு விக்டோரியா கிராஸ் வாங்கியவர்கள் சரித்திரத்தில் மூன்றே பேர். அதில் இருவருக்கு இரண்டுமே ஒரே போரில் கிடைத்தவை. வெவ்வேறு போர்களில் வாங்கியவர் ஆர்தர் மார்ட்டின்-லீக் மட்டும். தென்னாப்பிரிக்காவில் போயர் போரின்போது 1902-ல் ஒன்று, முதல் உலகப் போரில் 1914-ல் இன்னொன்று. அவர் ராணுவ டாக்டர். இரண்டு முறையும் குண்டு மழையில் காயம்பட்டவர்களைத் தூக்கியதற்காகத்தான். இரண்டு போருக்கும் இடையில் நம் நாட்டில் பெங்கால்-நாக்பூர் ரயில்வேயில் தலைமை மருத்துவராக இருந்தவர் என்பது கூடுதல் செய்தி. அவருக்கு இரண்டாவது சிலுவை தரவில்லை. பழைய ரிப்பனிலேயே ஒரு பட்டை சேர்த்தார்கள். அதே அரசு, அதே கஜானா, அதே ரிப்பன்.

நந்த் சிங்குக்கு அப்படிப் பட்டை சேர்க்க வழியில்லை. அவருடைய இரண்டு போருக்கும் நடுவில் நாடே மாறிவிட்டது.

உரி, 1947

1947 அக்டோபர் 22-ல் முஸாஃபராபாத் வழியாகப் பழங்குடிப் படைகள் காஷ்மீருக்குள் புகுந்தன. 26-ல் மகாராஜா ஹரி சிங் இந்தியாவோடு இணையும் பத்திரத்தில் கையெழுத்திட்டார். 27 காலையில் டெல்லியிலிருந்து டகோட்டா விமானங்களில் ஸ்ரீநகருக்குப் போய் இறங்கிய முதல் படை, 1 சீக். நந்த் சிங்கின் பட்டாலியன். அவர்களின் கமாண்டர் லெப்டினன்ட் கர்னல் தேவான் ரஞ்சித் ராய் இறங்கிய அன்றே பாராமுல்லாவுக்குப் பக்கத்தில் கொல்லப்பட்டார். அவருக்கும் பிறகு மகாவீர் சக்கரம் வந்தது.

நவம்பர் 7-ல் ஷாலடெங் சண்டை, மறுநாள் பாராமுல்லா மீட்பு, அடுத்த வாரத்தில் உரி. அங்கே குளிர்காலம் பிடித்துக்கொண்டது. டிசம்பர் 12 அன்று பட்டாலியனின் ஒரு பிரிவு உரிக்குத் தென்கிழக்கே பட்கிரான் மலைப் பகுதிக்குப் போனது. அங்கே பதுங்கியிருந்தவர்களிடம் மாட்டிக்கொண்டது. நந்த் சிங்கின் டி கம்பெனி வளைக்கப்பட்டது. தன் பிளாட்டூனோடு அந்த வளையத்தைக் கத்திமுனையில் உடைக்கப் போனார். கைக்கெட்டும் தூரத்தில் நடந்த சண்டையில் இயந்திரத் துப்பாக்கி அவரைச் சாய்த்தது. 33 வயது.

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் அந்தக் கருஞ்சிவப்பு ரிப்பனைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொண்டார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. உடலை முஸாஃபராபாத்துக்குக் கொண்டுபோய் லாரியில் கட்டி ஊர்வலமாகச் சுற்றினார்கள், ஒலிபெருக்கியில் எக்களித்தார்கள், கடைசியில் குப்பையில் எறிந்தார்கள் என்பது இந்தியப் பக்கத்துப் பதிவுகள் பலவற்றிலும் வரும் செய்தி. உடல் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இதைப் படித்துவிட்டு ஆத்திரப்படுவது எளிது. ஆனால் அந்தப் போர்க்களத்தில் யார் யார் நின்றார்கள் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பர்மாவில் நந்த் சிங்கின் டிவிஷனை நடத்திய மெஸ்ஸர்விதான் 1947 டிசம்பரில் பாகிஸ்தான் ராணுவத்தின் தலைமைத் தளபதிப் பதவியில் இருந்தார். உரிப் பக்கம் இந்திய பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய எல்.பி. சென், அரக்கானில் பலூச் ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாலியனை நடத்திப் பதக்கம் வாங்கியவர். அந்த ரெஜிமென்ட் பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போனது. 11-வது சீக்கிய ரெஜிமென்ட்டிலேயே பஞ்சாபி முஸ்லிம் கம்பெனிகள் இருந்தன, அவையும் போயின. பாகிஸ்தானின் மிக உயர்ந்த வீர விருதான நிஷான்-ஏ-ஹைதரின் முதல் பெயர் கேப்டன் முகமது சர்வர். அவரும் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியானவர். அவர் இறந்தது 1948 ஜூலையில், இதே உரிப் பகுதியில். அந்த ரிப்பனை எதிரிப் படையில் அடையாளம் கண்டவனுக்கு அது என்னவென்று எப்படித் தெரிந்தது என்று கேட்கவே வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1950 வரை இந்தியா, பாகிஸ்தான் இரண்டுமே ஆறாம் ஜார்ஜ் அரசரைத் தலைவராகக் கொண்ட டொமினியன்கள். ஒரே அரசரின் இரண்டு படைகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. இந்த நிலையில் விக்டோரியா கிராஸை அரசர் எந்தப் பக்கத்துக்குக் கொடுப்பார்? இந்தியா தனக்கென்று விருதுகளைச் செய்துகொள்ள வேண்டியிருந்ததற்குச் சுயமரியாதை ஒரு காரணம். இந்தச் சங்கடமும் ஒரு காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது. அட்ஜுடன்ட் ஜெனரல் ஹிரா லால் அடல் அந்தப் பொறுப்பைச் சாவித்ரி கானோல்கரிடம் கொடுத்தார். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு, சமஸ்கிருதமும் புராணமும் படித்த பெண்மணி. பரம்வீர் சக்கரத்தில் இந்திரனின் வஜ்ராயுதம் வந்தது அவரால்தான். மகாவீர் சக்கரமும் அவர் கைவண்ணம்தான்: வட்ட வெள்ளி, ஐந்து முனை நட்சத்திரம், நடுவில் முலாம் பூசிய அரசுச் சின்னம். ரிப்பன் பாதி வெள்ளை, பாதி காவி.

அந்த ரிப்பனை நந்த் சிங் பார்த்ததே இல்லை.

அதே பட்டாலியனில் இன்னொருவர்

இந்தக் கதை ஓர் ஆளோடு நிற்கவில்லை. 1 சீக்கில் கரம் சிங் என்று ஒரு லான்ஸ் நாயக் இருந்தார். பர்னாலா பக்கம் சேனா கிராமம். நந்த் சிங்கைவிட ஒரு வயது இளையவர். அதே 1944, அதே அரக்கான் போர்க்களத்துக்காகப் பிரிட்டிஷ் அரசின் மிலிட்டரி மெடல் வாங்கினார். 1948 அக்டோபர் 13-ல் டித்வால் பகுதியில் ரிச்மார் கலி என்ற இடத்தில் ஒரு முன்வரிசைக் காவல் நிலையைப் பிடித்து நின்றார். ஒரே நாளில் எட்டுத் தாக்குதல். தோட்டா தீர்ந்தது, உடம்பெல்லாம் காயம், உதவி வர வழியில்லை. பின்னாலிருந்த முக்கிய நிலைக்குக் காயம்பட்ட சகாக்களையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஐந்தாவது தாக்குதலில் இரண்டு பேர் குழிக்கு மிக அருகில் வந்துவிட, வெளியே குதித்துக் கத்தியாலேயே முடித்தார். பரம்வீர் சக்கரம் கிடைத்தது. பிழைத்தும் இருந்தார். கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்று, 1993 ஜனவரியில் சொந்த ஊரில் இறந்தார்.

ஒருவரிடம் பிரிட்டிஷ் அரசின் முதல் விருதும் இந்தியாவின் இரண்டாம் விருதும். மற்றவரிடம் பிரிட்டிஷ் அரசின் கீழ்ப்படி விருதும் இந்தியாவின் முதல் விருதும். யாருடைய வீரம் பெரியது என்று எடை போட்டால் நமக்குத்தான் கேவலம். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது கவனிக்க வேண்டிய ஒன்று. கரம் சிங் பெயரில் ஷிப்பிங் கார்ப்பரேஷன் எண்ணெய்க் கப்பல் ஓடியது. டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளில் அவருடையதும் உண்டு. நந்த் சிங்குக்கு பட்டிண்டாவில் சிலை இருக்கிறது. பஞ்சாபைத் தாண்டினால் பட்டாளத்துக்காரர்களைத் தவிர அவர் பெயரைச் சொல்ல ஆள் இல்லை.

காரணம் பட்டியல் போடும் முறை என்பேன். பரம்வீர் சக்கரப் பட்டியலில் அவர் இல்லை. அதனால் பாடப்புத்தகத்தில் இல்லை. விக்டோரியா கிராஸ் பட்டியலில் இருக்கிறார். ஆனால் அது வெள்ளைக்காரன் கொடுத்தது என்று சுதந்திர இந்தியா கொஞ்சம் கூச்சப்பட்டது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த மனிதர் முழுசாகத் தெரிவார். காலனி ஆட்சிக்காகச் சண்டை போட்டவர் என்று ஒதுக்குவது இன்னும் பெரிய அநியாயம். உரியில் இந்த நாட்டுக்காக அந்த வளையத்தை உடைக்க ஓடியவன் கையில் இருந்த பழக்கம், புத்திடாங் சாலையில் கற்றது. அந்த முதல் போர் இல்லாமல் அந்த இரண்டாவது சண்டை இல்லை. தவிர, தொடையிலும் முகத்திலும் தோளிலும் காயத்தழும்போடு, நாட்டின் பெரிய விருதை ஏற்கெனவே வாங்கிவிட்ட ஒருவர், ஏதாவது பயிற்சி முகாமில் புதுச் சிப்பாய்களுக்கு டிரில் எடுத்துக்கொண்டு இருந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். பட்கிரானில் அவர் செய்தது அதனால்தான் பர்மாவைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். எதை எதிர்பார்த்துப் போகிறோம் என்று அவருக்கு இந்த முறை தெரியும்.

பதக்கத்துக்கு என்ன விலை

பதக்கத்தோடு பணமும் வரும். அதன் அளவைப் பார்த்தால் சிரிப்பு வரும். பர்மாவின் கலாடன் பள்ளத்தாக்கில் 1944 டிசம்பரில், குண்டு தீர்ந்த பிறகு பீரங்கியின் இரும்புக் கம்பியாலேயே அடித்துச் சண்டை போட்ட ஹவில்தார் உம்ராவ் சிங் விக்டோரியா கிராஸ் பெற்றவர். 1995-ல் போர் முடிந்த பொன்விழாவுக்கு லண்டன் போனபோது அவர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அந்த விருதுக்கான உதவித்தொகை அன்றைக்கு வருடத்துக்கு 168 பவுண்டு. பிரதமர் ஜான் மேஜர் வெட்கப்பட்டு அதை 1,300 பவுண்டு ஆக்கினார். 2015-ல் 10,000 ஆனது. உம்ராவ் சிங் அதற்குப் பத்து வருடம் முன்பே, 2005-ல் காலமாகிவிட்டார். உயிரோடிருந்த கடைசி இந்திய விக்டோரியா கிராஸ்காரர் அவர். இந்திய அரசு மகாவீர் சக்கரத்துக்கு இப்போது மாதம் 10,000 ரூபாய் தருகிறது. 2017 வரை அதில் பாதிதான்.

இதே விருதுகள் ஏலத்துக்கு வந்தால் விலை லட்சக்கணக்கான பவுண்டுக்குப் போகும். வாங்கியவனுக்குச் சில்லறை, வாங்கி விற்பவனுக்குக் கோடி.

நந்த் சிங் பணியாற்றிய 1 சீக் பட்டாலியன் பிற்காலத்தில் கவச வண்டிகளுக்கு மாறி, இன்று மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரியின் 4-வது பட்டாலியனாக இருக்கிறது. அவர் வகித்த ஜமேதார் பதவியின் பெயர்கூட மாறி, நாயிப் சுபேதார் ஆகிவிட்டது.

அவருடைய பெயர் இன்று இரண்டு தலைநகரங்களில் கல்லில் இருக்கிறது. லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் பக்கத்தில், 2002-ல் திறக்கப்பட்ட நினைவு வாயில்களின் மண்டபக் கூரையில், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து விக்டோரியா கிராஸும் ஜார்ஜ் கிராஸும் பெற்றவர்களின் வரிசையில் ஒன்று. அங்கே போகும் தமிழர்கள் அதே கூரையில் சுபேதார் சுப்பிரமணியன் என்ற பெயரையும் பார்க்கலாம்: செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸ், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் வெடிக்கவிருந்த கண்ணிவெடி மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி இறந்தவர். டெல்லியில் 2019-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில், தியாகச் சக்கரத்தின் கிரானைட் சுவரில் உள்ள இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் இன்னொன்று. டெல்லி போகிறவர்கள் பெரும்பாலும் 21 சிலைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கரம் சிங் சிலையைப் பார்த்த பிறகு அந்தச் சுவர் வரைக்கும் நடந்து, 1947-48 வரிசையில் 1 சீக்கின் பெயர்களைத் தேடிப் பாருங்கள். பிள்ளைகள் கூட வந்தால் அவர்களையே தேடச் சொல்லுங்கள்.